மூணு பேருக்கு ஆறு கை

பசியாறிட்டியா ராசா? ஆறிட்டேன்னு சொல்லு. வெறும் வயித்தோட இருக்கிற பிள்ளைகிட்ட நான் படத்தைப் பத்திப் பேசமாட்டேன். பாவம் ஒட்டிக்கும்.

அந்தத் தாளைச் சன்னல் பக்கம் திருப்பிப் பிடி. கறுப்பு மை, வெள்ளைத் தாளு, மூணு பொம்பளைங்க. நல்லாத்தான் இருக்கு. நல்லா இல்லைன்னு நான் சொன்னேனா? கழுத்து நீளம், இடுப்பு நீளம், கண்ணு இருக்கவேண்டிய எடத்துல ரெண்டு கீத்து. கேட்டா "மாடர்ன் பாட்டி"ங்கிறே. சரி. மாடர்ன்னா வாய் இருக்கக்கூடாதா? மூணு பேருக்கும் வாயைக் காணோம். முழங்கைக்குக் கீழே கையையும் காணோம். வாய் இல்லை, அதனால எதுத்துப் பேசமாட்டா. கை இல்லை, அதனால சோறும் ஆக்கமாட்டா. உங்க தாத்தா உசிரோட இருந்திருந்தா முதல் சேதிக்குச் சிரிச்சிருப்பாரு, ரெண்டாவது சேதிக்கு உன் கத்தியைப் பிடுங்கி வீசியிருப்பாரு.

கோவிச்சுக்காதே. உக்காரு. நீ படம் வெட்டுறது எனக்குப் பெருமைதான். நம்ம வம்சத்துல கத்தி பிடிச்சவங்க நெறையப் பேரு, ஆனா அதை வச்சு மாட்டிக்காம இருக்கிறது நீ ஒருத்தன்தான்.

முதல்ல இந்த லினோங்கிற சாமானுக்கு வருவோம். கூடத்துத் தரையில கெடக்கிற திக்கார் கெத்தா விரிப்போட மூலையை வெட்டிப் பாத்துட்டு, அலமாரியை நகர்த்தி மறைச்சு வச்சியே, அது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? கூட்டுறவளுக்குத் தெரியாத மூலை ஒரு வீட்டுல உண்டா? அது பிளாஸ்டிக்குடா. கத்தி வழுக்கும். நீ தேடின சாமான் வேற. ஆளிவிதை எண்ணெயைக் காத்துல கெட்டியாக்கி, தக்கைத் தூளும் பிசினும் சேத்து, அடியில சணல் துணி ஒட்டிச் செய்யுறது. பெயிண்டு டப்பாவுல எண்ணெய் மேலே ஆடை கட்டி நிக்கிறதைப் பாத்துத்தான் ஃபிரெடரிக் வால்டன்ங்கிற இங்கிலீஷ்காரனுக்கு இந்த யோசனையே வந்துச்சாம். 1863-ல உரிமை எழுதி வாங்கிட்டான். அதுக்கு முன்னே அங்கே ரப்பரையும் தக்கையையும் சேத்து ஒரு தரைவிரிப்பு ஓடிக்கிட்டு இருந்துச்சு. ரப்பர் வெலை ஏறவும், இவன் எண்ணெயை வச்சு அந்த யாவாரத்தையே கவுத்துட்டான். நம்ம பால்மரம் மலாயாவுல வேர் பிடிக்கிறதுக்கு முன்னாலயே அதுக்கு ஒரு பங்காளி பொறந்து நின்னாச்சு.

எப்படித் தெரியும்னு முழிக்காதே. ராத்திரி பூரா போனைச் சத்தமா வச்சுக் கேக்குறே. விடிஞ்சதும் ரொட்டி சானாயைப் பிச்சுக்கிட்டே அதையே எனக்கு மறுபடி சொல்றே. மத்தியானத்துக்குள்ளே நீ மறந்துடுறே. எனக்கு வேற வேலை இல்லை, நான் மறக்கிறதில்லை. இன்னிக்கு நான் பேசப்போறதுல பாதி உன்கிட்ட இருந்து திருடினது. உனக்கே வட்டியோட திருப்பித் தர்றேன்.

இப்போ கத்தி. உன் பெட்டியில ஆறேழு உளி வச்சிருக்கே, அதுல முனை ரெண்டு பக்கமும் மடங்கி நடுவுல பள்ளமா இருக்குமே, அதைக் கையில வாங்கினதும் எனக்குப் பழைய தீம்பார், அதான் ரப்பர் தோட்டம், ஞாபகம் வந்துடுச்சு. பால் வெட்டுற உளியும் அதே சாதிதான், கொஞ்சம் பெரிசு. நிபோங் திபால் பக்கத்துல நான் மரம் வெட்டின காலத்துல, எனக்கு அதைப் பிடிக்கச் சொல்லிக் குடுத்தவ என் மாமியா. இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் கீழே சாய்வா இழுக்கணும். ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான் பட்டை போகணும். அதிகம் போனா பட்டை வீணு. ஆழமாப் போனா உள்ளே இருக்கிற பச்சை நரம்புல பட்டு மரம் புண்ணாயிடும், அப்புறம் அந்த எடம் முண்டு முண்டா வளந்து திரும்ப வெட்டவே முடியாது. மேலோட்டமா வெட்டினாலோ பாலே வராது. இருட்டுல, தலையில வெளக்கு, இடுப்புல கொசுவத்திப் புகை, காலுக்குக் கீழே என்ன ஊருதுன்னு தெரியாது. அத்தனைக்கும் நடுவுல அந்த ஒரு மில்லிமீட்டர்.

உன் படத்துல நான் பாத்தது என்னன்னா, எல்லாக் கோடும் ஒரே ஆழம், ஒரே அகலம். சேலை மடிப்புக்கும் அதே கோடு, கழுத்து எலும்புக்கும் அதே கோடு, பின்னால நிக்கிற சுவத்துக்கும் அதே கோடு. பயந்து பயந்து வெட்டியிருக்கே. லினோவுல வெட்டி எடுத்தது வெள்ளை, விட்டு வச்சது கறுப்பு. பென்சில்காரன் கறுப்பைச் சேத்துக்கிட்டே போவான், நீ கறுப்பைக் கழிச்சுக்கிட்டே போகணும். அதனால எதை விடணும்னு முதல்லயே முடிவு பண்ணிட்டுத்தான் உளியை எடுக்கணும். நந்தலால் போஸ் 1930-ல காந்தி உப்பெடுக்க நடந்ததை லினோவுல வெட்டினாரே, அதை எடுத்துப் பாரு. தாளு முக்காவாசி கறுப்பு. கொஞ்சம் வெள்ளைக் கோடு, அதுலயே மனுசன் நடக்கிறாரு. கம்பைப் பிடிச்ச கை எங்கே இருக்குன்னு தேடவே வேண்டாம், தானா வந்து கண்ணுல குத்தும்.

சின்னச் சமாச்சாரம் ரெண்டு சொல்லிடுறேன். ஒண்ணு, கத்தி போற திசைக்கு முன்னால இடது கையை வைக்காதே. கட்டைவிரல்ல போட்டிருக்கிற பிளாஸ்டர் கலைக்கு நீ குடுத்த காணிக்கைன்னு உன் கூட்டாளிகிட்ட சொல்லிக்கோ, என்கிட்ட வேண்டாம். ரெண்டு, எழுத்தைத் திருப்பி வெட்டணும். மூலையில 'பினாங்கு'ன்னு வெட்டினியே, அச்சுல அது கண்ணாடியில பாக்கிற எழுத்தா வந்திருக்கு. தமிழ்ப் பள்ளிக்கூடத்துல மூணாங் கிளாசோட நின்ன எனக்கே கண்ணை உறுத்துது. அச்சடிக்கிற மெசின் இல்லைன்னு தாளோட முதுகைத் தேய்க்க என் அகப்பையை எடுத்துட்டுப் போனதை மன்னிச்சுட்டேன். லண்டன்ல லினோ வெட்டினவங்களும் கரண்டி வச்சுத்தான் தேய்ச்சாங்களாம். ஆனா அவங்க அதை மறுநாள் சாம்பார்ல போட்டுக் கிண்டலைன்னு நெனைக்கிறேன்.

அந்த லண்டன் கூட்டம் எனக்குப் பிடிச்சிருக்கு. 1925-ல தொடங்கின குரோவ்னர் ஓவியப் பள்ளி. அங்கே கிளாட் ஃபிளைட்டுன்னு ஒரு வாத்தியாரு. அதுக்கு முன்னால வியன்னாவுல பிள்ளைகளுக்குப் பழக்கிக் குடுத்த சாமான் இதுன்னு பெரிய ஓவியருங்க மூக்கைச் சுளிச்சாங்க. இந்த ஆளு, இதுதான் சாதாரணமானவன் வீட்டுக்குப் போகப்போற கலைன்னாரு. ஒரு படத்தோட வெலை ஒருத்தன் குடிக்கிற பீருக்கோ சினிமா டிக்கெட்டுக்கோ ஆகுற காசை மிஞ்சக்கூடாதுங்கிறது அவரு கணக்கு. இப்போ அவரு மாணவருங்க படமெல்லாம் ஏலத்துல பல்லாயிரம் பவுனுக்குப் போகுதாம். சொன்னவரு போயிட்டாரு, பீரும் போயிடுச்சு. அவரு கிட்ட படிச்ச சிபில் ஆண்ட்ரூஸ்னு ஒருத்தி முதல் உலகப்போர்ல ஆகாய விமானத்துக்கு வெல்டிங் வெச்சவளாம். அதான் அவ படத்துல முதுகு வளையுறதும் தோள் இழுக்கிறதும் சும்மா தெறிக்குது. வேலை செஞ்ச உடம்புக்குத்தான் வேலை செய்யுற உடம்பு தெரியும்.

நீ கும்பிடுற ஆளு வேறல்ல? பிக்காசோ. எண்பதை நெருங்குற வயசுல அந்த மனுசனுக்கு லினோ ஆசை வந்துச்சு. பிரான்சு தெற்குல வல்லோரீஸ்னு மண்பாண்டம் செய்யுற ஊரு, அங்கே ஆர்னேரான்னு ஒரு இளவட்ட அச்சுக்காரன். 1958-ல பழைய ஓவியம் ஒண்ணைப் பாத்து ஒரு பொம்பளை படம் போட்டாரு. ஒவ்வொரு நெறத்துக்கும் தனித்தனி அட்டை, ஒண்ணு மேலே ஒண்ணு ஒக்கார வைக்கிறதுக்குள்ளே உசிரு போயிருக்கு. அப்புறம்தான் ஒரே அட்டையில வெட்டு, ஒரு நெறம் அடி, மறுபடி வெட்டு, அடுத்த நெறம் அடின்னு போனாரு. கடைசி நெறம் வரும்போது அட்டையில பெரும்பாலும் ஒண்ணும் மிச்சம் இருக்காது. முதல் நெறத்துக்குத் திரும்பிப் போகவே முடியாது. இது தைரியம், ஒத்துக்கிறேன்.

ஆனா அந்தப் படங்கள்ல இருக்கிற பொம்பளை யாரு? முக்காவாசி அவரு பெண்டாட்டி ஜாக்குலின். 1961-ல கட்டிக்கும்போது அவருக்கு 79, அவளுக்கு முப்பதுக்குக் கொஞ்சம் மேலே. தெனமும் எதுத்தாப்புல உக்காந்திருந்த முகம். அதை முன்னாலயும் பக்கத்துலயும் சேத்துப் பாக்கிற அளவுக்கு அவருக்குப் பழக்கம், அதனால மூக்கை இப்படியும் கண்ணை அப்படியும் வச்சாலும் ஜாக்குலின் ஜாக்குலினாத்தான் இருக்கா. நீ யார் மூக்கைத் திருப்பியிருக்கே? இந்த மூணு பேர்ல ஒருத்தி பேரு சொல்லு. சொல்லமாட்டே. தெரிஞ்ச மூக்கைத் திருப்பினா மாடர்ன். தெரியாத மூக்கைத் திருப்பினா விபத்து.

உன் போன்ல நீ காட்டினதுல என்னைப் பிடிச்சு உக்கார வச்சது வேற ஒருத்தி. எலிசபெத் கேட்லெட். 1915-ல வாஷிங்டன்ல பொறந்த கறுப்பினப் பொண்ணு. தாத்தா பாட்டிங்க அடிமையா இருந்தவங்க. 1946-ல உதவிப்பணம் கெடச்சு மெக்சிகோவுக்குப் போனா. அங்கே 1937-லேர்ந்து ஒரு சனங்களோட அச்சுப் பட்டறை. லினோவுல வெட்டி, மலிவுத் தாளுல அடிச்சு, தெருவுல ஒட்டுற கூட்டம். அங்கே உக்காந்து ரெண்டு வருசத்துல 15 படம் வெட்டினா, பதினஞ்சும் கறுப்பினப் பொம்பளைங்க கதை. வயக்காட்டுல வேலை செய்யுறவ இருக்கா. ஊரான் வீட்டைக் கழுவித் தொடைக்கிறவ இருக்கா. அடிமைகளைத் தப்ப வச்சுக் கூட்டிட்டுப் போன ஹாரியட் டப்மன் கையை நீட்டி வழி காட்டுறா. அடிமையா இருந்துக்கிட்டே கவிதை எழுதின ஃபிலிஸ் வீட்லி கையில இறகுப் பேனா. எண்ணிப் பாரு, எத்தனை கைன்னு. அந்தம்மா கைக்குப் பயப்படலை.

1952-ல இன்னொண்ணு வெட்டினா. நெலத்துச் சொந்தக்காரனுக்கு வெளைச்சல்ல பங்கு குடுத்துட்டு மிச்சத்துல பொழைக்கிற ஒரு குடியானவப் பொம்பளை. பெரிய வைக்கோல் தொப்பி, அதுல ஒவ்வொரு இழையும் தனியா வெட்டு. முகத்துல எலும்பு எப்படிப் போகுதோ அப்படியே கோடும் போகுது. நாம கீழே நின்னு அண்ணாந்து பாக்குற கோணம், அவ நம்மளைப் பாக்கலை, தூரத்துல எதையோ பாக்குறா. அதெல்லாம் இருக்கட்டும். சட்டைக்கு மேலே கழுத்துக்கிட்ட பாத்தியா? பித்தான் இல்லை, ஒரு ஊக்கு. ஊக்கை வெட்டியிருக்கா அந்தப் புண்ணியவதி!

நான் அந்த எடத்துல போனை வாங்கி ரொம்ப நேரம் பாத்தேன், நீ பேட்டரி போகுதுன்னு கத்துனே. தீம்பார்ல எங்களுக்கு ஊக்கு இல்லாம ஒரு நாள் போகாது. புருசனோட பழைய முழுக்கைச் சட்டை, அதுல பித்தான் எப்பவும் இருக்காது, ஊக்கு. தலைத்துணி கிளையில மாட்டி நழுவாம இருக்க ஊக்கு. கால்ல முள்ளு ஏறினா எடுக்க ஊக்கு. பிள்ளை துணிக்கும் அதே ஊக்குதான். ஒரு ஊக்கை அச்சுல பாத்ததும் எனக்கு அந்தப் பொம்பளையோட வீடு தெரிஞ்சுடுச்சு, அடுக்களை தெரிஞ்சுடுச்சு, அவ மாசக் கடைசியில எவ்வளவு கடன் வச்சிருப்பாங்கிறதும் தெரிஞ்சுடுச்சு. உன் மூணு பேர்ல எவ கிட்டயாவது ஊக்கு இருக்கா? சேலை எப்படி நிக்குதுன்னு நீ ஒரு தடவையாவது யோசிச்சியா?

அந்தம்மாவோட பேச்சும் சகவாசமும் பிடிக்காம, அவ பொறந்த நாடே அவளைப் பல வருசம் உள்ளே விடலை. உன் படத்துக்குப் பயந்து எந்த அரசாங்கத்துக்கும் தூக்கம் கெடாது, நீ நிம்மதியாத் தூங்கலாம்.

தூரத்து ஊரைச் சொல்லிக்கிட்டே இருக்கேன்னு நெனைக்காதே. நம்ம பினாங்குலயே பெரிய கைங்க இருந்திருக்கு. சுவா தியன் தெங், சீனாவுல பொறந்து இங்கே வந்து குடியேறினவரு, முதல்ல மரத்துல வெட்டி அச்சுப் படம் போட்டாரு. பாத்தேக் தொழிற்சாலை ஒண்ணு வச்சாரு, அது நொடிச்சுப்போச்சு. மிச்சம் இருந்த மெழுகையும் சாயத்தையும் வச்சு 1950-கள்ல துணியில ஓவியமே போட ஆரம்பிச்சுட்டாரு. அதுவும் உன் லினோ தத்துவம்தான், மெழுகு பூசின எடத்துல சாயம் ஏறாது, எதை மறைக்கணும்னு முன்கூட்டியே தெரியணும். அவரு படத்துல ஆத்தாளும் பிள்ளையும் நெறைய. எளிமையான முகம்தான், கண்ணு ஒரு கோடுதான். ஆனா கை? பிள்ளையை இடுப்புல தாங்குற கை, பழம் விக்கிற கை, ரெண்டு பேரு குசுகுசுன்னு பேசும்போது தோள்ல விழுற கை. யுனிசெஃப்காரங்க வாழ்த்து அட்டைக்கு எடுத்துக்கிட்டாங்க. லீ ஜூ ஃபோர்னு இன்னொருத்தரு, 1929-ல இங்கே பொறந்தவரு. லண்டன்ல படிச்சாரு, ஓவியம், அச்சு, நாடகம்னு ஒண்ணையும் விட்டு வைக்கலை. கடைசியில ஆஸ்திரேலியாவுக்குப் போயிட்டாரு. தெங் வேலையைப் பாக்கணும்னா போய்ப் பாக்கலாம், பத்து ஃபேரிங்கியில தெங் குடும்பத்துக் கூடம் இருக்கு. நீயோ அந்தப் பக்கம் கடல்ல குளிக்கத்தான் போறே.

சுவத்துப் படத்துக்கு வா. 2012-ல எர்னஸ்ட் ஸாக்கரேவிக் வந்து ஜார்ஜ் டவுன் சுவரெல்லாம் வரைஞ்சுட்டுப் போனானே, லெபோ ஆர்மேனியன்ல அந்தச் சைக்கிள் பிள்ளைங்க முன்னால வெளியூர்க்காரங்க வெயில்ல வரிசை கட்டி நிக்கிறாங்க. எனக்கு அதைவிட லெபோ முந்த்ரியில இருக்கிற நீலச்சட்டைச் சிறுமிதான் பிடிக்கும். ரெண்டு சன்னலோட மேல்மறைப்புலயும் ரெண்டு உள்ளங்கையை ஊனி எம்பி நிக்கிறா. முழுப் பாரமும் கையில. அந்தக் கை இன்னும் சுவரை அமுக்குது. ரஷ்யாவுல இருந்து வந்த ஜூலியா வோல்ச்கோவான்னு ஒரு பொண்ணு நம்ம படகுக்காரக் கிழவரைப் பெரிசா வரைஞ்சிருக்கா, அதுவும் நல்லா இருக்கு. லித்துவேனியாவுல இருந்தும் ரஷ்யாவுல இருந்தும் வந்தவங்களுக்கு நம்ம ஊரு ஆளுங்க உடம்பு தெரியுது. லெபோ பாசார்ல மாலை கட்டுற பொம்பளையைத் தாண்டித் தெனமும் போற உனக்கு அவ விரலு தெரியலை. அவ நூலை எப்படி இழுக்கிறா, பல்லுல எப்படிக் கடிக்கிறா, ஒருநாள் நின்னு பாரு. சும்மா நின்னா வையுவா. ரெண்டு முழம் வாங்கிக்கோ.

உன் உள்மனசு எனக்குத் தெரியும். ஞாயித்துக்கிழமை ஹின் பஸ் டிப்போ சந்தையில விரிச்சு வச்சா வெளியூர்க்காரி வாங்குவா. அவளுக்கு வீட்டுச் சுவத்துல மாட்ட ஒரு 'இந்தியப் பொம்பளை' வேணும். அடுத்த தடவை இடுப்புல குடம் வைக்கலாமான்னுகூட யோசிச்சிருப்பே, குடத்துக்கு அஞ்சு வெள்ளி கூட வரும். இந்தத் தீவுல எவ இடுப்புல குடம் தூக்கி நீ பாத்தே? நம்ம பிளாட்டுப் பொம்பளை, லிஃப்ட் கெட்டுப்போனா கேஸ் சிலிண்டர் தூக்குறா. அதை வெட்டு. அது விக்காதுன்னா, விக்காத படம் ஒண்ணு உன் பேர்ல இருக்கட்டும்.

இன்னொரு கணக்கும் இருக்கு, கேட்டுக்கோ. 1920-கள்ல தோட்டத்துல ஆம்பளைக்கு நாள் கூலி 50 காசு, பொம்பளைக்கு 40. ஒரே மரம், ஒரே உளி, ஒரே இருட்டு. பால் மட்டும் ஆம்பளை வெட்டினாலும் பொம்பளை வெட்டினாலும் ஒரே வெள்ளை. என் மாமியாளோட ஆத்தா அந்தக் கூலி வாங்கினவ. அந்த 10 காசு எங்கே போச்சுன்னு கேட்டா, கணக்கு எழுதுற கிராணியும் பதில் சொல்லலை, வேலை வாங்குற கங்காணியும் சொல்லலை. அவளுக்கு வாய் இருந்துச்சு, கேட்டா. நீ அவ பேத்திங்களை வெட்டும்போது வாயை விட்டுட்டே. கிராணிக்கு ரொம்ப உதவி பண்ணியிருக்கே போ.

அதனால இப்படிச் செய். இந்த அட்டையைத் தூக்கிப் போடாதே, பின்னால சணல் இன்னும் நல்லா இருக்கு, சட்டி வைக்க ஆகும். புது அட்டை வாங்கு. வெட்டுறதுக்கு முன்னால கொஞ்ச நேரம் வெயில்ல காட்டு, எளகும். முதல்ல கையை வெட்டு. ஆறு கையும் முடிஞ்சப்புறம் மிச்சம் எடம் இருந்தா முகம் போடு. கழுத்தை எவ்வளவு வேணா நீட்டிக்கோ, அதுல எனக்கு ஆட்சேபணை இல்லை. இருபது பிரதி அடிக்கிறேன்னு படத்துக்குக் கீழே பென்சில்ல எழுதினா இருபதோட நிறுத்து. இருபத்தொண்ணாவது அடிச்சா அதுக்குப் பேரு கலை இல்லை, கள்ள நோட்டு.

ஆளு வேணும்னா நான் உக்காந்துக்கிறேன். காலையில அஞ்சு மணிக்கு வா, அப்பத்தான் எனக்கு முழிப்பு, உனக்கும் ஒரு தடவை விடியறதைப் பாத்த மாதிரி இருக்கும். பழைய உளி பரணுல இருக்கு, எடுத்துப் பிடிச்சுக் காட்டுறேன். சட்டைக்கு ஊக்கும் குத்திக்கிறேன். மூக்கைத் திருப்பாதே. திருப்பணும்னா மூக்குத்தி இருக்கிற பக்கம் தெரியுற மாதிரித் திருப்பு, காசு போட்டு வாங்கினது. கூலி இப்பவே பேசிடுவோம். ஆம்பளைக் கூலிதான் வாங்குவேன், காலைக் கோப்பி தனி. அச்சு காயிறதுக்கு இந்த ஈரக்காத்துல நாலஞ்சு நாள் ஆகும், என் துணிக்கொடியில மாட்டுறதா இருந்தா அதுக்கு வாடகையும் உண்டு.